கடற்காகத்துக்கு இரண்டாவது கையெழுத்து

கோமுகி அணையில் நான் ஒரு கடற்காகத்தைப் பார்த்தேன். பார்த்தது நான். ஆனால் பார்த்தேன் என்று நான் மட்டும் எழுதினால் செல்லாது, இன்னொருவரும் ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் விதி. அந்த இன்னொருவரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அந்த ஆளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற வழியாக இல்லை. அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸில் பறவை பார்க்கிறவர்கள் சிலர் சேர்ந்து, சில மாதங்களுக்கு ஒரு முறை சைக்ளோஸ்டைல் தாளில் ஒரு செய்திமடல் போட்டார்கள். எந்த ஏரிக்கு எந்தப் பறவை வந்தது என்று வரும், அடியில் பார்த்தவர் பெயர் இருக்கும். வழக்கமான பறவை என்றால் ஒருவர் எழுதினால் போதும். அந்தப் பக்கத்துக்கே வராத பறவை என்றால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். அதில் என் பெயர் ஒரே ஒரு தடவை வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்ன, வெறி. அதுவரைக்கும் என் பெயர் அச்சில் வந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும்தான், அதிலும் அப்பா பெயரைத் தப்பாகப் போட்டிருந்தான்.

நான் டிராயிங் மாஸ்டர். கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வடக்கனந்தல் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தினம் சைக்கிளில் போய்வந்தேன். என் அப்பாவும் அம்மாவும் ரிஷிவந்தியம் பக்கத்தில் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டு, கரும்பு வெட்டி, அடுத்த நாள் கூலிக்கு யார் கூப்பிடுவார்கள் என்று பார்த்தே காலம் தள்ளியவர்கள். எங்கள் காலனியில் முதல் சர்க்கார் வேலை என்னுடையது.

அந்த இன்னொருவர் அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சயின்ஸ் சார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொந்தமாகக் கரும்புக் கொல்லை, நெல் வயல், டிராக்டர் எல்லாம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த பைனாகுலர் ஒன்றும், இங்கிலீஷில் தடியான பறவைப் புத்தகம் ஒன்றும் அவரிடம் இருந்தன. நான் ஒரு நாள் கரும்பலகையில் மீன்கொத்தி வரைந்ததை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மூக்கு அளவு கரெக்டா போட்டிருக்கீங்களே மாஸ்டர்" என்றார். அவருக்கு ஒரு கோடு நேராக வராது. எனக்கு பைனாகுலர் கிடையாது. இப்படித்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து அணைக்குப் போக ஆரம்பித்தோம், வேறு எந்தப் பிரியமும் இல்லை.

ஆசிரியர் அறையில் "வாங்க மாஸ்டர், ஒக்காருங்க" என்பார். அணைக் கரையில் வேறு யாரும் இல்லாதபோது அதே வாய் "வா, அத்த எய்திக்கோ" என்று சொல்லும். எனக்கும் வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பைனாகுலரில் நான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் துண்டு நுனியால் கண் வைக்கிற இடத்தை இரண்டு தடவை துடைப்பார். அவர் பார்த்துவிட்டு எனக்குக் கொடுக்கும்போது ஒரு நாளும் துடைத்ததில்லை. நான் அதைக் கவனித்தேன் என்று அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டால் அடுத்த ஞாயிறு பைனாகுலர் இல்லை. வாயை மூடிக்கொண்டு பறவையைப் பார்த்தேன்.

அது மறியல் காலம். எங்கள் பக்கத்து ஜில்லாக்கள் முழுக்க, சயின்ஸ் சாரின் சாதிக்காரர்கள் தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். திடீரென்று ஒரு நாள் சாலையோரப் புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிடுவார்கள், பஸ் நிற்கும், போலீஸ் வரும். கேட்டது நியாயம், அதை நான் இன்றைக்கும் சொல்வேன். ரோட்டில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் என் அப்பா மாதிரி அன்றாடம் காய்ச்சிகள். எனக்குக் கோபமெல்லாம் சயின்ஸ் சார் மேல்தான். நான் வேலையில் சேர்ந்த நாள் முதல் முதுகுக்குப் பின்னால் என்னைக் "கோட்டா மாஸ்டர்" என்று சொல்லிச் சிரித்த மனுஷன், இப்போது அதே கோட்டா கேட்டு டிராக்டரில் ஆள் ஏற்றி அனுப்புகிறார். வெட்கம் என்ற ஒன்று இருந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ள மாட்டாரா? அவருக்கு இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடிப்பதாகவே தெரியவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. தண்ணீர் இறங்கி, அணை நடுவில் ஒரு சேற்றுத் திட்டு தலைதூக்கியிருந்தது. அதற்குப் பின்னால் கல்வராயன் மலை, பாதி மேகத்துக்குள். திட்டின் ஓரத்தில் தனியாக ஒரு பறவை நின்றது. கொக்கு இல்லை, வாத்து இல்லை. கடற்காகம். கடல் எங்களுக்கு எங்கேயோ இருக்கிறது, இது இங்கே என்ன செய்கிறது? சயின்ஸ் சார் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "பழுப்புத்தலையோட குஞ்சு. எய்திக்கோ" என்றார்.

பழுப்புத்தலைக் கடற்காகம் கடலூர்ப் பக்கம் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கிடப்பது. எப்போதாவது ஒன்று வழிதவறி உள்ளே வரும். நான் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். எனக்கு இடித்தது. அலகு கட்டையாக, நீளமாக, வெளிறின மஞ்சளில் நுனி மட்டும் கறுப்பாக இருந்தது. நெற்றி மேடாக எழும்பாமல் அலகிலிருந்து சரிவாக மேலே போனது. கண்ணுக்கு மேலும் கீழும் சாக்பீஸால் கீறின மாதிரி வெள்ளை வளைவு, கண்ணுக்குப் பின்னால் கரி தேய்த்த மாதிரி ஒரு கறை. முதுகில் சாம்பல் நிறம் வர ஆரம்பித்திருந்தது, சிறகோரத்தில் பழுப்பு இன்னும் போகவில்லை. இளசுதான், சந்தேகமில்லை. ஆனால் பழுப்புத்தலையின் இளசு இல்லை. நாங்கள் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த பெரிய கருந்தலைக் கடற்காகம் இது என்றேன்.

"அது எம்மாம் பெருசு தெரியுமா?"

"இதுவும் பெருசுதான் சார்."

"தனியா நிக்கற பறவைக்கு அளவு எப்பிடி சொல்லுவ? பக்கத்துல இன்னா இருக்குது, எத்த வச்சி அளந்த?"

இது நியாயமான கேள்வி. பக்கத்தில் எதுவும் இல்லை. நான் தலையின் வாகு, அலகின் கனம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் பைனாகுலரைப் பிடுங்காத குறையாக வாங்கி, துடைத்து, உறைக்குள் போட்டார்.

"கையெழுத்துப் போடுவீங்களா சார்? பெரிய கருந்தலைன்னு எழுதித் தரேன்."

"இன்னா மாஸ்டர், இதையும் கோட்டான்னு நெனச்சிகினியா, கேட்டா குடுக்க?" என்று சிரித்தார். மறுபேச்சு இல்லாமல் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் கரையில் நின்று, அவருக்குக் கேட்காத தூரம் போனதும், எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்?

ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. பறவை பறந்து போயிருக்கும் என்ற பயம் ஒரு பக்கம், நான் சொன்னது தப்போ என்ற பயம் இன்னொரு பக்கம். அடுத்த ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக லுங்கியைக் கட்டிக்கொண்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, நோட்டும் பென்சிலும் சைக்கிளுமாக நான் மட்டும் போனேன். பைனாகுலர் இல்லாததால் கிட்டப் போவது ஒன்றுதான் வழி. கரையிறங்கி, லுங்கியை மடித்துக் கட்டி, முழங்கால் சேற்றில் நடந்து, தண்ணீருக்குள் நின்ற ஒரு வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் போய் நின்றேன். முள் முதுகைக் கிழித்தது. காத்திருக்கிற நேரத்தில் வழக்கம்போல மற்றப் பறவைகளை எண்ணி எழுதினேன். நீர்க்காகத்துக்குக் 'கறுப்பு', கொக்குக்கு 'வெள்ளை', பக்கத்தில் மணியும் எண்ணிக்கையும். அது எங்கள் சுருக்கெழுத்து.

வெயில் ஏறின பிறகு வந்தது. திட்டில் புள்ளிமூக்கு வாத்துகள் ஏழெட்டு தலையை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. நம்ம ஊர் வாத்து, எனக்கு அதன் அளவு தூக்கத்திலும் தெரியும். கடற்காகம் இறங்கி, நேராக அந்த வாத்துகளுக்கு நடுவில் நடந்து போய் நின்றது. வாத்தைவிட உயரம்! வாத்தைவிட நீளம்! பழுப்புத்தலையாக இருந்தால் அந்த வாத்துக்குப் பக்கத்தில் பொடியனாகத் தெரியும். நான் இரண்டையும் ஒரே தாளில், ஒரே தரையில் நிற்கிற மாதிரி வரைந்தேன். நாற்பது அடி தூரம் இருக்கும். கண் வளைவு, நெற்றிச் சரிவு, அலகு நுனி, ஒவ்வொன்றாக வந்தது. பிறகு அது எழும்பி என் தலைக்கு மேலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. தூய வெள்ளை வால், நுனியில் அகலமாக ஒரு கறுப்புப் பட்டை. "மாட்னியாடா!" என்று கத்தியே விட்டேன். பறவையைச் சொன்னேனா, சயின்ஸ் சாரைச் சொன்னேனா என்று கேட்டால், இருவரையும்தான்.

அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு அதிகம் அனுபவித்ததில்லை.

கள்ளக்குறிச்சிக்குத் திரும்புகிற வழியில், பாதி தூரத்தில் புளியமரம் ரோட்டில் கிடந்தது. காலையில் போகும்போது நின்றிருந்த மரம். இலை இன்னும் வாடவில்லை. ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மலையிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது, அதிலிருந்து இறங்கின மலை ஜனங்கள் சாமை மூட்டையை ஓரமாக வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டப் பார்த்தேன்.

"யார்ரா அது? எங்கேந்து வர?"

"அணையிலேந்துங்க."

"அணையில இன்னா வேல?"

பறவை பார்த்தேன் என்றேன். சிரித்தார்கள். ஒருவன் காரியரிலிருந்து நோட்டை உருவினான். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் சத்தமாகப் படித்தான்: "ஏழே கால். கறுப்பு நாப்பது. வெள்ள இருவத்தாறு. எட்டு மணி. கரை மேல பதினாலு." கூட்டத்தில் கறுப்புச் சட்டைக்காரர்களும் இருந்தார்கள், வெள்ளைச் சட்டைக்காரர்களும் இருந்தார்கள். முந்தின மறியலுக்குப் பிறகு போலீஸ் வீடு வீடாகப் புகுந்து ஆள் பிடித்திருந்தது. யாரோ ஆள் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"எத்தினி பேருன்னு எண்ணிகினு வந்திருக்கான்டா! போலீசு ஆளு!"

என் காலர் ஒருவன் கைக்குப் போனது. நான் வாத்தியார் என்றேன், பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். முழங்கால் வரை சேறு, மடித்துக் கட்டிய லுங்கி, கிழிந்த முதுகு. "வாத்தியாரு மூஞ்சியப் பாரு" என்றான் ஒருவன். இன்னொருவன் வந்து, கத்தாமல், தணிந்த குரலில் கேட்டான்: "எந்த ஊரு நீ? எந்தத் தெரு? யாரு வூட்டுப் புள்ள?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன சொன்னாலும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். வேறு நாளாக இருந்தால் நிமிர்ந்து சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதலாம். அன்று பயந்தேன். அதை அவர்கள் பார்த்தார்கள்.

அப்போது டிராக்டர் சத்தம் கேட்டது. மறியல்காரர்களுக்குக் குடிதண்ணீர் டிரம்மில் கொண்டுவந்திருந்தார் சயின்ஸ் சார். ஆள்கள் வழிவிட்டார்கள். "இன்னாப்பா?" என்றார். என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நோட்டை அவரிடம் கொடுத்தார்கள். புரட்டிக்கொண்டே வந்தவர், கடற்காகம் வரைந்த பக்கத்தில் நின்றுவிட்டார். வெயிலுக்குத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். என் காலர் இன்னும் அடுத்தவன் கையில் இருந்தது. இவர் வால் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்த வுட பெருசா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க சார்."

"பக்கத்துலயே நின்னுச்சா?"

"பக்கத்துலயே."

தலையை மெல்ல ஆட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, மாட்டை ஓட்டு என்று சொல்கிற சாதாரணக் குரலில் சொன்னார்: "உடுப்பா அவன. நம்ம ஆளுதான். எங்க கொல்லியில வேல செய்யறவன், மாடு கன்னு பாத்துக்குறான். நாந்தான் பறவ எண்ணிகினு வாடான்னு அனுப்பினேன்."

காலரை விட்டார்கள். ஒருவன் என் தோளைத் தட்டி, "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றான்.

"நிக்கற இன்னா, சைக்கிள எடுத்துகினு போடா" என்றார் சயின்ஸ் சார். நோட்டை அவரே வைத்துக்கொண்டார்.

"சரிங்க" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டி, அறை வந்து சேரும் வரைக்கும் மிதித்தேன். வந்ததும் வாளித் தண்ணீரைக் காலில் ஊற்றி ஊற்றித் தேய்த்தேன். சேறு போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பா அடுத்தவன் கொல்லையில் வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை அது. அவர் பிள்ளை அதைச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது அவர் என் மேஜைக்கு வந்தார். நோட்டை விரித்து வைத்தார். என் படத்துக்குக் கீழே நீல மையில், இங்கிலீஷில், பெரிய கருந்தலைக் கடற்காகம், முதல் குளிர்கால இளம்பறவை என்று எழுதி, தேதி போட்டு, முழுப் பெயரோடு கையெழுத்து. முதலில் என் பெயர், இரண்டாவதாக அவர் பெயர்.

"நீங்க சொன்னதுதான் கரெக்ட் மாஸ்டர். நான் சரியா பாக்காம சொல்லிட்டேன். படம் பிரமாதம்" என்றார். எல்லோர் காதிலும் விழச் சொன்னார். நடிப்பு இல்லை. அந்த மனுஷன் பறவை விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார், அதையும் நான் எழுதியாக வேண்டும். நான் ஆசைப்பட்ட கையெழுத்து கண் முன்னால் இருந்தது. எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை.

மற்றவர்கள் வகுப்புக்குப் போகும் வரை காத்திருந்து கேட்டேன்: "நேத்து, இவரு எங்க ஸ்கூல் டிராயிங் மாஸ்டர்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவங்க உட்டிருக்க மாட்டாங்களா சார்?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "உட்டிருப்பாங்க" என்றார். "நான் சொன்னா உட்டிருப்பாங்க."

"அப்ப ஏன் சார் அப்பிடிச் சொன்னீங்க?"

அவர் முகத்தில் கள்ளம் தெரிகிறதா என்று தேடினேன். திட்டுவதற்கு ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

"தோணலையே மாஸ்டர்" என்றார்.

அன்று சாயங்காலம் அறையில், பிளேடால் அந்தத் தாளின் அடியை நேராக வெட்டி, அவர் எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுத்தேன். படத்துக்குக் கீழே என் கையாலேயே பறவையின் பெயரை எழுதி, என் பெயரை மட்டும் போட்டு, மெட்ராஸுக்குத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது. படம் மிக அருமை, ஆனால் பார்த்தவர் ஒருவரே என்பதால் வெளியிட இயலவில்லை, வருந்துகிறோம் என்று எழுதியிருந்தது. நல்லவர்கள், விதிப்படி நடந்திருக்கிறார்கள்.

ஆகவே அந்தப் பறவை எந்தப் பட்டியலிலும் இல்லை. கோமுகி அணைக்கு அது வந்ததாகவே யாருக்கும் தெரியாது. வந்தது. பெரிய கருந்தலைதான், முதல் குளிர்கால இளசு, வாத்தைவிடப் பெரியது. பார்த்தது நான்.